மதிலுக்குள் ஒரு நாவல் மரம்

ஒரு மரம் தன் உடையவரின் தேவையை அளந்து பார்த்துக் காய்ப்பதில்லை. அந்த வீட்டில் எத்தனை பேர் இருக்கிறார்கள், அவர்களால் எத்தனை படி உண்ண முடியும் என்று அது கேட்பதில்லை. பருவம் வந்தால் காய்க்கிறது, பழுத்தால் உதிர்க்கிறது. உண்ணக்கூடியதற்கு மேல் எஞ்சி நிற்கும் அந்த மிகுதியை என்ன செய்வது என்பதுதான் மனிதனுக்கு விடப்பட்ட கேள்வி. இதை வீட்டுக் காரியம் என்று தள்ளிவிடத் தோன்றும். ஆனால் சென்ற ஆண்டு ஆனி, ஆடி மாதங்களில் எங்கள் வீட்டுக் கொல்லையில் நிற்கும் நாவல் மரம், அதை ஓர் அறநெறிக் கேள்வியாகவே எங்கள் முன் வைத்தது. நாங்கள் அதற்குத் தவறாக விடையளித்தோம். அந்தத் தவற்றின் வழியே நாம் எண்ணிப் பார்க்க நேர்ந்தவற்றை வாசகர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கம்பம் பள்ளத்தாக்கு கனிகளுக்குப் பஞ்சமில்லாத பூமி. மேற்கே பாய்ந்துகொண்டிருந்த பெரியாற்று நீரை அணைகட்டித் தேக்கி, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பிய 1895ஆம் ஆண்டு தொடங்கி, இம்மண்ணில் நெல்லும் தென்னையும் வாழையும் செழித்தன. பிற்பாடு திராட்சைப் பந்தல்கள் ஊர்தோறும் எழுந்தன. 2023ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர்த் திராட்சையின் மூதாதைக் கொடியை, 1832இல் பிரெஞ்சு நாட்டுக் குருவானவர் ஒருவர் தமிழகத்துக்குக் கொண்டுவந்தார் என்பது இங்குள்ள மரபு. திராட்சை மனிதன் சொற்படி நடக்கும் பயிர். எப்போது கவாத்து செய்கிறோமோ, அதிலிருந்து ஏறத்தாழ நான்கு மாதத்தில் குலை அறுக்கலாம். அதனால்தான் இப்பள்ளத்தாக்கில் ஆண்டு முழுவதும் எங்கேனும் ஒரு தோட்டத்தில் அறுவடை நடந்துகொண்டே இருக்கிறது.

நாவல் அப்படியன்று. அதற்குக் கவாத்தும் இல்லை, தவணையும் இல்லை. ஆண்டில் ஒருமுறை, ஒரு சில வாரங்களுக்குள், தன்னிடம் உள்ளதையெல்லாம் ஒரே மூச்சில் கொடுத்துவிடும். பழத்தின் தோல் மெல்லியது, விழுந்தால் கன்றிவிடும். பறித்த மறுநாளே தளரத் தொடங்கும். மூன்றாம் நாள் புளித்துவிடும். நம் முன்னோர் பாரத நாட்டையே நாவலந்தீவு என்று அழைத்தனர். ஒரு நாட்டுக்கே பெயரான மரத்தின் கனி இரண்டு நாளைக்கு மேல் தாங்காது என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

எங்கள் கொல்லையில் உள்ள மரம் பாட்டனார் காலத்தது. அந்நாளில் கொல்லைக்கு மதில் கிடையாது, கிளுவை வேலிதான். வேலியில் ஆள் நுழையும் அளவுக்கு ஒரு சந்து எப்போதும் இருக்கும். பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் அதன் வழியே நுழைந்து பொறுக்கிக்கொண்டு போவார்கள். அவர்களைக் கேட்பாரும் இல்லை, அழைப்பாரும் இல்லை. பின்னாளில் வேலி போயிற்று, மதில் வந்தது. மதிலின்மேல் கண்ணாடிச் சில்லுகளும் பதிக்கப்பட்டன. காய்த்த மரம் கல்லடி படும் என்பார்கள். மதில் எழுந்தபின்னும் பிள்ளைகள் வெளியிலிருந்து கல்லெறிந்தார்கள். நாங்கள் அவர்களை விரட்டினோம். விரட்டியது சரியா என்று ஒருபோதும் எங்களை நாங்களே கேட்டுக்கொண்டதில்லை. மரம் எங்களுடையது, அதற்குமேல் என்ன கேள்வி?

சென்ற ஆண்டு மரம் இதற்கு முன் நாங்கள் கண்டிராத அளவுக்குக் காய்த்தது. வியாபாரி ஒருவர் வந்து, மரத்தை மொத்தமாகப் பேசி எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். "வீட்டு மரத்தை விற்பதில்லை" என்று பெருமையோடு மறுத்தோம். பிறகு ஆடிக்காற்று எழுந்தது. இரவெல்லாம் கூரைமேல் பழம் விழும் ஓசை. விடிந்து பார்த்தால் கொல்லை முழுவதும் கருநீலம். முதல் இரண்டு நாள் கொண்டாட்டமாக இருந்தது. உப்புப் போட்டுக் குலுக்கி உண்டோம். நாவும் உதடும் நீலமாயின. உறவினர் வீடுகளுக்குக் கொட்டான் கொட்டானாக அனுப்பினோம். சாறு பிழிந்து சர்க்கரை சேர்த்துக் காய்ச்சிப் புட்டிகளில் அடைத்தோம். கொஞ்சம் புளிக்காடியாக ஊறவைத்தோம். சித்த மருத்துவத்தில் நீரிழிவுக்கு உதவும் என்பதால், கொட்டைகளைக் கழுவி முறத்தில் காயவைத்து இடித்துக்கொண்டோம். புட்டிகள் தீர்ந்தன, ஆசையும் தீர்ந்தது, பழம் மட்டும் தீரவில்லை. கூடைகள் அடுக்களையில் நின்றன. ஈக்கள் மொய்த்தன.

எங்கள் கொல்லையைப் பெருக்கித் தரும் ஓர் அம்மையார் உண்டு. மற்ற நாள்களில் அவர் ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர். விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி, மலைச்சாலை வழியே கேரளத்துத் தோட்டங்களுக்குச் சென்று, மாலையில் திரும்பும் இப்பள்ளத்தாக்குப் பெண்களில் ஒருவர். மூன்றாம் நாள் மாலை அவரைக் கொல்லைப்புற வாசலுக்கு அழைத்து, அடுக்களையில் நின்ற இரண்டு கூடைகளையும் கொடுத்தோம். "பிள்ளைகளுக்குக் கொடுங்கள்" என்றோம். அவர் ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொண்டார். நமக்கு மனம் நிறைந்திருந்தது. நல்ல காரியம் ஒன்று செய்தோம் என்று அன்றிரவு நிம்மதியாக உறங்கினோம்.

மறுநாள் காலை, தெருமுனைக் குப்பைமேட்டில் அந்தப் பழங்கள் கொட்டிக் கிடந்தன.

நமக்கு வந்தது வருத்தமன்று, கோபம். "வேண்டாமென்றால் அப்போதே சொல்லியிருக்கலாமே" என்று அவரிடம் கேட்டோம். அவர் குரலை உயர்த்தவில்லை. பெருக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டுச் சொன்னார்: "நேத்து உங்க வீட்டுல யாரும் திங்காததை எங்க புள்ளைக மட்டும் எப்படிம்மா திங்கும்? எல்லாம் புளிச்சுப்போயிக் கெடந்துச்சு. மரம் நெறையா இருந்தப்ப ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நாங்களே வந்து பெறக்கிக்கிட்டிருப்போமே."

அவ்வளவுதான். அவர் வேலையைத் தொடர்ந்தார். நாம்தான் நின்றுகொண்டிருந்தோம்.

அந்தச் சொற்களில் குற்றச்சாட்டு இருந்ததா, வெறும் செய்தி இருந்ததா என்று நம்மால் சொல்ல முடியவில்லை. ஆனால் அவை ஒரு வேறுபாட்டை வெளிச்சமிட்டுக் காட்டின. கொடுப்பது வேறு, கழிப்பது வேறு. இரண்டிலும் ஒரு பொருள் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போகிறது. பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும். கொடுப்பதில் நம் எண்ணம் பெறுபவரின் முகத்தை நோக்கி இருக்கிறது. கழிப்பதில் அது நம் அடுக்களையின் இடநெருக்கடியை நோக்கி இருக்கிறது. அன்று மாலை நாம் தீர்க்க விரும்பியது அந்தப் பிள்ளைகளின் பசியையா, நம் வீட்டு ஈக்களையா? நேர்மையாகச் சொன்னால் ஈக்களைத்தான். அதற்கு நன்றியையும் எதிர்பார்த்தோம் என்பதே நம்மைத் தலைகுனிய வைத்தது.

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. நம் ஊர்களில், உழைக்கும் மக்களைக் கொல்லைப்புற வாசலுக்கு வரச்செய்து, வீட்டில் மிஞ்சிய சோற்றைக் கொடுத்த வழக்கம் நெடுங்காலம் இருந்தது. அதைக் கருணை என்றே கொடுத்தவர்கள் எண்ணினார்கள். வாங்கியவர்கள் என்ன எண்ணினார்கள் என்று யாரும் கேட்டு எழுதி வைக்கவில்லை. திருமுழுக்குப் பெற்ற நம் குடும்பங்களும் இவ்வழக்கத்துக்கு விலக்காக இருந்ததில்லை. அன்று நாம் அவரைக் கொல்லைப்புற வாசலுக்கு அழைத்தபோது, நம்மை அறியாமலே அந்தப் பழைய வழக்கத்தின் தடத்தில்தான் கால் வைத்தோம்.

கனிமரத்தைப் பற்றிய ஒரு பாவ அறிக்கை திருச்சபையின் வரலாற்றில் புகழ்பெற்றது. புனித அகுஸ்தினார் தம் 'ஒப்புதல்கள்' நூலின் இரண்டாம் பகுதியில், தமது 16ஆம் வயதில் தோழர்களோடு சேர்ந்து அயலாரின் பேரிக்காய்களைத் திருடியதைப் பல பக்கங்களுக்கு எண்ணி எண்ணி வருந்துகிறார். அவருக்குப் பசி இல்லை. அதைவிட நல்ல காய்கள் அவரிடமே இருந்தன. திருடியவற்றில் பெரும்பகுதியைப் பன்றிகளுக்கு எறிந்துவிட்டார்கள். ஒரு சிறுவனின் குறும்பை ஏன் இவ்வளவு பெரிதாக்குகிறார் என்று படிப்பவர்கள் வியப்பதுண்டு. இந்நிகழ்ச்சிக்குப் பின் நமக்கு வேறொன்று தோன்றிற்று. அகுஸ்தினார் பிறர் மரத்துக் கனியைத் திருடி வீணாக்கினார். நாம் நம் மரத்துக் கனியையே வைத்திருந்து வீணாக்கினோம். முதலாவதை எல்லாரும் பாவம் என்பர். இரண்டாவதற்கு ஒரு பெயர் கூட இல்லை. ஆனால் வீணான கனி எந்த மதிலுக்குள் பழுத்தது என்பது பசித்த பிள்ளைக்கு ஒரு பொருட்டா?

இது ஒரு வீட்டின் கதை மட்டுமன்று. ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டம் 2024இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 105 கோடி டன் உணவு வீணாயிற்று. அதில் 60 விழுக்காடு வீணானது கடைகளிலோ விடுதிகளிலோ அன்று, வீடுகளில். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2013ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், உணவை எறிவது ஏழையின் பந்தியிலிருந்து திருடுவதற்கு ஒப்பாகும் என்ற கருத்தை எடுத்துரைத்தார். 2015இல் வெளியிட்ட 'லவுதாத்தோ சி' சுற்றுமடலிலும் அதை வலியுறுத்தினார். திருட்டு என்ற சொல் கடுமையானது. ஆயினும் அது திருச்சபைக்குப் புதிதன்று. நான்காம் நூற்றாண்டில் புனித பசிலியார், களஞ்சியங்களை இடித்துப் பெரிதாகக் கட்ட நினைத்த செல்வனின் உவமையை விளக்கும்போது, நாம் பதுக்கி வைத்திருக்கும் அப்பம் பசித்தவனுக்கு உரியது என்றே போதித்தார். பதின்மூன்றாம் நூற்றாண்டில் புனித தோமா அக்குவினார், ஒருவரிடம் மிகுதியாக உள்ளவை இயற்கைச் சட்டத்தின்படியே ஏழைகளின் பிழைப்புக்கு உரியவை என்று எழுதினார்.

இதன் பொருளை நாம் நின்று நிதானித்து உணரவேண்டும். மிகுதி ஏழைக்கு உரியது என்றால், அதைக் கொடுப்பது ஈகையன்று, நீதி. கடனைத் திருப்பித் தருபவன் தன்னை வள்ளல் என்று எண்ணிக்கொள்வதில்லை. நன்றியை எதிர்பார்த்து வாசலில் நிற்பதுமில்லை. நேரத்துக்குத் தரவில்லையே என்று கூச்சப்படுவான். ஈகை அதற்குப் பிறகே தொடங்குகிறது. காணிக்கைப் பெட்டியருகே அமர்ந்திருந்த நம் ஆண்டவர், தங்கள் மிகுதியிலிருந்து போட்ட செல்வர்களையும், தன் வறுமையிலிருந்து இரண்டு காசு போட்ட கைம்பெண்ணையும் வேறுபடுத்தியது இதனால்தான். 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் தந்த 'இன்றைய உலகில் திருச்சபை' என்னும் ஏடும், ஏழைகளுக்கு உதவுவது நம் மிகுதியிலிருந்து மட்டும் ஆகாது என்று நினைவூட்டுகிறது. நாமோ மிகுதியைக் கூடக் கொடுக்கவில்லை; மிகுதியின் மிச்சத்தைக் கொடுத்துவிட்டு ஈகையின் மகிழ்ச்சியைத் தேடினோம்.

நீதி என்றால் அதற்கு ஒரு முறைமை வேண்டும். அந்த முறைமையை மோசேயின் சட்டம் வியக்கத்தக்க நுட்பத்தோடு வகுத்திருக்கிறது. லேவியர் நூலின் 19ஆம் அதிகாரமும் இணைச்சட்ட நூலின் 24ஆம் அதிகாரமும் நிலமுடையவனுக்குச் சொல்வது இதுதான்: வயலின் ஓரம்வரை அறுக்காதே; திராட்சைத் தோட்டத்தில் இரண்டாம் முறை பறிக்காதே; உதிர்ந்து கிடப்பவற்றைப் பொறுக்காதே; அவை ஏழைக்கும் அந்நியனுக்கும் அனாதைக்கும் கைம்பெண்ணுக்கும் உரியவை. நீயும் எகிப்தில் அடிமையாக இருந்தாய் என்பதை மறவாதே.

உதிர்ந்ததைத்தானே நாங்களும் கொடுத்தோம் என்று ஒருவர் வாதிடலாம். சட்டத்தை மீண்டும் படித்தால் அந்த வாதம் நிற்காது. உதிர்ந்தவற்றைப் பொறுக்கி, வீட்டில் மூன்று நாள் வைத்திருந்து, பிறகு ஏழைக்குக் கொண்டுபோய்க் கொடு என்று அது சொல்லவில்லை. பொறுக்காமல் விட்டுவிடு என்கிறது. அதாவது, கனி கனியாக இருக்கும்போதே, அதே நாளில், அதே தோட்டத்தில் அது பிறருடையதாகிவிட வேண்டும். ஏழை வந்து தன் கையால் எடுத்துக்கொள்ள வேண்டும். அவனுக்கு முன் நிலக்காரன் கூடையோடு நிற்க வேண்டியதில்லை. வருபவனும் வாசலில் காத்து நிற்பதில்லை. தன் உழைப்பால் பெறுகிறான். எதை எடுப்பது, எதை விடுவது என்று அவனே முடிவு செய்கிறான். சட்டம் அவனுடைய வயிற்றை மட்டுமன்று, அவனுடைய மதிப்பையும் காக்கிறது.

ரூத்தின் வரலாற்றில் இச்சட்டம் உயிர்பெற்று நடக்கிறது. அந்நிய நாட்டுக் கைம்பெண்ணான அவள் பெத்லகேம் வயலில் கதிர் பொறுக்க வருகிறாள். வயலின் உடையவரான போவாசு அவளைத் தனியே அழைத்து ஒரு மூட்டை தானியம் கொடுத்து அனுப்பியிருக்கலாம். முதலில் அவர் செய்தது அதுவன்று. அவளை யாரும் இழிவாகப் பேசக்கூடாது என்று வேலையாள்களுக்குக் கட்டளையிட்டார். கட்டிய அரிகளிலிருந்தே சில கதிர்களை உருவி, அவள் பொறுக்கிக்கொள்ளும்படி வேண்டுமென்றே விட்டுவைக்கச் சொன்னார். கொடுத்தவர் யார் என்பது வாங்கியவளுக்கே தெரியாத வண்ணம் கொடுக்கப்பட்ட கொடை அது.

இத்தகைய உரிமை நம் மண்ணுக்கும் அந்நியமன்று. களத்தில் சிந்திய நெல்லைப் பெருக்கி எடுத்துக்கொள்வதும், அறுவடை முடிந்த நிலத்தில் தப்புக்கடலை பொறுக்குவதும் நம் கரிசல், செம்மண் காடுகளில் ஏழைகள் யாரையும் கேளாமல் செய்துவந்தவை. வள்ளுவரும் ஒப்புரவாளனின் செல்வத்தை ஊருக்குள் பழுத்த பயன்மரத்துக்கு ஒப்பிடுகிறார்; எவராலும் விரும்பப்படாதவனின் செல்வத்தை நடுவூரில் பழுத்த நச்சு மரத்துக்கு ஒப்பிடுகிறார். இரண்டு உவமைகளிலும் மரம் ஊருக்குள்ளேயே நிற்கிறது. எவருடைய மதிலுக்குள்ளும் நிற்கவில்லை. பாட்டனாரின் கிளுவை வேலியில் இருந்த சந்தை நாங்கள் அடைத்தபோது, எந்த உவமையின் பக்கம் நகர்ந்தோம் என்பதை இப்போதுதான் உணர்கிறோம்.

இங்கே சில ஐயங்களுக்கு இடமுண்டு. அவற்றைத் தட்டிக்கழிப்பது நேர்மையாகாது.

முதலாவது, உழவரைப் பற்றியது. வீட்டுக் கொல்லையில் தானே காய்த்த மரம் வேறு; கடன் வாங்கிப் பந்தல் போட்டு, உரமும் மருந்தும் இட்டு வளர்த்த திராட்சை வேறு. 2020ஆம் ஆண்டு மார்ச் மாத ஊரடங்கின்போது வெளியூர் வண்டிகள் வராமல் இப்பள்ளத்தாக்கில் திராட்சைக் குலைகள் கொடியிலேயே தேங்கின. அந்த மிகுதி உழவருக்குச் செல்வமன்று, இழப்பு. விலை வீழும்போது தக்காளியைச் சாலையோரம் கொட்டுகிறவரைப் பார்த்து, ஏழைக்குக் கொடுத்திருக்கலாமே என்று அறம் பேசுவது எளிது. பறிகூலிக்கும் வண்டி வாடகைக்கும் அவரிடம் பணம் இல்லை என்பதை நாம் பார்ப்பதில்லை. பிழைப்புக்கே போதாதவரிடம் மிகுதியின் நீதியைப் போதிப்பது அநீதி. இக்கட்டுரை அவர்களை நோக்கியதன்று. உண்டு தீர்ந்த பின்னும் கூடை நிறைந்திருக்கும் நம் போன்றவரை நோக்கியது.

இரண்டாவது, சேமிப்பதே தவறா என்னும் கேள்வி. பாலைநிலத்தில் மறுநாளுக்கென்று வைத்த மன்னா புழுத்துப்போயிற்று. களஞ்சியத்தைப் பெரிதாக்க நினைத்த செல்வன் அன்றிரவே உயிர் துறந்தான். ஆனால் எகிப்தில் யோசேப்பு ஏழு வளமான ஆண்டுகளில் விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கைச் சேமித்துவைத்ததை விவிலியம் ஞானம் என்றே போற்றுகிறது. எங்கள் வீட்டில் சாறு காய்ச்சியதிலும் கொட்டை இடித்ததிலும் குற்றமில்லை. கைப்பக்குவத்தால் ஒரு கனியின் ஆயுளை நீட்டுவது படைத்தவருக்குச் செய்யும் மரியாதையே. யோசேப்பின் களஞ்சியம் பஞ்சத்தில் பலருக்குத் திறந்தது. செல்வனின் களஞ்சியம் அவன் தன் ஆன்மாவோடு மட்டும் பேசிக்கொண்டு திட்டமிட்டது. யாருக்காகச் சேமிக்கிறோம் என்பதே வேறுபாடு. ஐயாயிரம் பேர் உண்டு நிறைவடைந்த பின், மீந்த துண்டுகளை வீணாகாமல் சேர்க்கும்படி ஆண்டவர் சீடருக்குச் சொன்னதையும் இங்கே நினைவுகூரலாம். முதலில் கூட்டம் நிறைவாக உண்டது. அதன் பிறகே பன்னிரண்டு கூடைகள் நிறைந்தன. நாமோ முதலில் கூடைகளை நிறைத்துக்கொண்டோம்.

மூன்றாவது ஐயம் நமக்குள்ளேயே எழுந்தது. அந்த அம்மையார் பேசிய மறுநாளே, வெட்கத்தோடு கொல்லைக் கதவைத் திறந்துவிட்டோம். மரத்தில் இன்னும் பாதிப் பழம் இருந்தது. நாவல் கிளை எளிதில் முறியும். ஏறியவர் விழுந்து முடமானதை இப்பக்கத்தில் பலர் அறிவர். ஆகவே யாரும் மரமேறக்கூடாது என்ற ஒரே கட்டுப்பாட்டை மட்டும் வைத்தோம். கீழே நான்கு பேர் பழைய வேட்டியை விரித்துப் பிடிக்க, ஒருவர் நீண்ட தொரட்டியால் கிளையை உலுக்கினார். பிள்ளைகள் வந்தார்கள், அவர்களுடைய தாய்மாரும் வந்தார்கள். ஒரு பெண் மட்டும் பெரிய கூடையோடு வந்து, நிறைய எடுத்துச் சென்று, பேருந்து நிலையத்தில் உழக்கு வைத்து அளந்து விற்றார் என்று கேள்விப்பட்டோம். "உண்பதற்குக் கொடுத்தால் விற்பதா?" என்று நம் வீட்டிலேயே முணுமுணுப்பு எழுந்தது.

இணைச்சட்டத்தில் இதற்கும் ஒரு விதி உண்டு போலத் தோன்றும். அயலானின் திராட்சைத் தோட்டத்தில் நுழைந்தால் வேண்டிய மட்டும் உண்ணலாம். ஆனால் கலத்தில் போட்டுக்கொண்டு போகலாகாது என்று 23ஆம் அதிகாரம் சொல்கிறது. இதை எடுத்துக்காட்டி அந்தப் பெண்ணைக் கடிந்துகொள்ளலாம் என்று நமக்கும் ஒரு கணம் தோன்றிற்று. ஆனால் அந்த விதி, உடையவன் அறுக்குமுன்னர் வழிப்போக்கனாக நுழைபவனைப் பற்றியது. ஏழைக்கென்று விடப்பட்டதற்கு அப்படி எல்லை ஏதும் இல்லை. ரூத்து தான் பொறுக்கியதைத் தட்டிப் புடைத்து, ஏறத்தாழ ஒரு ஏப்பா வாற்கோதுமையை ஊருக்குள் சுமந்து சென்று மாமியார் நகோமியிடம் கொடுத்தாள். அதை உண்பாயா, விற்பாயா என்று போவாசு கேட்கவில்லை. பிறகு அந்தப் பெண்ணே ஒரு நாள் தற்செயலாகச் சொன்னார், பழம் விற்ற அந்த நான்கு நாளும் தாம் விடியற்காலை ஜீப்பில் ஏறவில்லை என்று. மலைச்சாலை வளைவுகளில் நெருக்கியடித்துப் போகாமல், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவைத்த நான்கு காலைகள். நம் புட்டிச் சாறு எவருக்கும் அப்படி ஒரு காலையைத் தரவில்லை. கொடுத்த பின்னும் பொருளின்மேல் ஒரு கயிற்றைக் கட்டி நம் கையில் பிடித்திருப்போமானால், நாம் கொடுத்தது பழத்தையன்று, கடனை.

நாவல் மரம் என்றதும் தமிழர் நினைவில் எழுவது ஔவையின் கதை. வழிநடந்து களைத்த மூதாட்டி, மரத்தின்மேல் இருந்த சிறுவனிடம் பழம் கேட்கிறார். சுட்ட பழம் வேண்டுமா, சுடாத பழம் வேண்டுமா என்று அவன் கேட்கிறான். மணலில் விழுந்த பழத்தை அவர் ஊதித் தின்னும்போது, பழம் சுடுகிறதா என்று சிரிக்கிறான். அறிவுச் செருக்கு அடங்கிய கதையாகவே இதை வழிவழியாகச் சொல்லி வருகிறோம். அது முருகனடியார்களின் கதை. அதன் சமயப் பொருளுக்குள் நாம் புக வேண்டியதில்லை. ஆனால் மரத்தின்மேல் இருப்பவன் கீழே நிற்பவரிடம் முதலில் ஒன்று கேட்கிறான் என்பதை இவ்வளவு காலமும் நாம் கவனித்ததில்லை. எந்தப் பழம் வேண்டும்? பெறுபவருக்கு ஒரு விருப்பம் இருக்கும், அதைக் கேட்டறிய வேண்டும் என்ற மரியாதை அந்தக் கேள்வியில் அடங்கியிருக்கிறது. நாம் மதிலுக்குள் நின்று கொடுத்தோம், கேட்கவில்லை.

மிகுதியின் நீதிக்கு மூன்று இலக்கணங்கள் உண்டு என்று இப்போது நமக்குத் தோன்றுகிறது. அது நேரத்தில் வரவேண்டும். பொருள் நல்ல நிலையில் இருக்கும்போதே கைமாற வேண்டும். பெறுபவரின் விருப்பத்துக்கும் உழைப்புக்கும் அதில் இடம் வேண்டும். கொடுத்தபின் நம் பிடி முற்றிலும் தளர வேண்டும். இவை நாவல் பழத்துக்கு மட்டும் உரியவையல்ல. பெட்டியில் மடித்துவைத்து நைந்தபின் நாம் கொடுக்கும் துணிக்கும், திருவிழாப் பந்தி முடிந்து ஊசிப்போகும் நேரத்தில் பகிரும் சோற்றுக்கும், ஓய்வு கிடைத்தால் மட்டும் முதியோருக்கு ஒதுக்கும் மணித்துளிகளுக்கும் இவை பொருந்தும். நம் பங்குகளில் இயங்கும் வின்சென்ட் தே பவுல் சபையாரும் அன்பியங்களும், எவ்வளவு கொடுத்தோம் என்று கணக்கெடுப்பதோடு, எப்போது கொடுத்தோம், எப்படிக் கொடுத்தோம் என்றும் தங்களைக் கேட்டுக்கொள்வது நல்லது.

இவ்வாறு செய்வதால் நாம் ஈகையாளர் ஆகிவிட்டோம் என்று எண்ணவேண்டாம். கொல்லைக் கதவைத் திறந்துவிட்டதால் எங்களுக்கு ஒன்றும் குறையவில்லை. கைம்பெண்ணின் இரண்டு காசுக்கு அருகில் அதை வைத்துப் பார்க்கவும் கூசுகிறது. பட்ட கடனில் ஒரு சிறு தவணையைக் காலம் தாழ்த்திச் செலுத்தினோம், அவ்வளவே.

மதிலின்மேல் இருந்த கண்ணாடிச் சில்லுகளை இவ்வாண்டு தை மாதத்தில் கொத்தி எடுத்துவிட்டோம். கொல்லைக் கதவின் தாழ்ப்பாளை வெளியிலிருந்தும் திறக்கும்படி மாற்றியிருக்கிறோம். பங்குனியில் மரம் பூத்தபோது, பெருக்க வந்த அந்த அம்மையார் அண்ணாந்து பார்த்துவிட்டு, "இந்த வருசமும் நல்லாத்தான் பூத்திருக்கு" என்றார். "பழுத்ததும் எல்லாரிடமும் நீங்களே சொல்லிவிடுங்கள்" என்றோம். "நான் ஏன்மா சொல்லணும்? காத்தடிச்சா மரமே சொல்லிரும்" என்றார் அவர்.